முகம் தெரியாத அச்சன்

“அச்சோ, ஒரு கும்பசாரம் கேக்கப் பற்றுமா? இப்பமே. போனில.”

கேட்டவன் வடக்கே எங்கோ ஓர் எல்லையில், காதுவரை கம்பளித் தொப்பி இழுத்துவிட்டு நின்ற பட்டாளக்காரன். நான் நின்றது பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவே, ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் அவனுடைய வீட்டின் முன்னறையில். கையில் அவன் அம்மாவின் செல்போன். அன்று மாதத்தின் முதல் வெள்ளி. நடக்க முடியாத நோயாளிகளுக்கு வீடுவீடாக நற்கருணை கொண்டுபோகிற நாள். பக்கவாதத்தில் படுத்திருந்த அவனுடைய அப்பாவின் நாக்கில் அப்பத்தை வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, பித்தளைச் செப்பைச் சட்டைப்பையில் போடும்போதுதான் போன் அடித்தது. அந்த அம்மா திரையை என் பக்கம் திருப்பினார்.

“எம் மோன் ஆக்கும். நீங்க இஞ்ச வந்த பின்ன அவன் லீவில வரவே இல்ல, பாத்திருக்க மாட்டிய. ஒரு ஆசீர்வாதம் குடுங்க. நான் டீ போட்டுட்டு வாறேன்.”

போனை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். ஆசீர்வாதம் கொடுத்தேன். அவன் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் வந்ததுதான் அந்தக் கேள்வி.

எங்கள் பக்கத்தில் பாவசங்கீர்த்தனத்தை மலையாளப் பெயரால் கும்பசாரம் என்போம். பற்றுமா என்றால் முடியுமா. குருவை அச்சன் என்போம். பங்குத்தந்தை வலியச்சன். அவருக்கு உதவியாக வந்து சேர்ந்த இளசு என்பதால் நான் கொச்சச்சன்.

அந்தக் கொச்சச்சனுக்கு முதலில் ஞாபகம் வந்தது பாடப்புத்தகம்தான். குருமடத்தில் இதைத் தேர்வுக் கேள்வியாகவே எழுதியிருக்கிறேன். போனில் பாவமன்னிப்பு கொடுக்கலாமா? கூடாது. சொல்பவனும் கேட்பவனும் ஓரிடத்தில் ஆளோடு ஆளாக இருக்கவேண்டும். செல்போன் வழியாகக் குழந்தையின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற முடியாது அல்லவா, அதுபோலத்தான். பேராசிரியர் அடிக்கோடிட்டுப் பாராட்டிய பதில். ஆனால் அந்தக் கேள்வித்தாளுக்கு முகம் கிடையாது. குளிரில் வெடித்த உதடும் கிடையாது.

“போனில பற்றாது. சபை சம்மதிக்காது” என்றேன். என் குரல் எனக்கே அலுவலகக் கவுண்டரில் இருந்து வருவதுபோல் இருந்தது.

“செரி அச்சோ. கொழப்பமில்ல.” சிரித்தான். “அம்மைக்க டீ கொள்ளாம், நல்ல ருசி. குடிச்சிட்டு போங்க.”

திரை அணைந்தது. டீ வந்தது. குடித்திருப்பேன், நினைவில்லை. வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவே ஸ்கூட்டரைத் திருப்பும்போது அந்த எண்ணம் வந்து மோதியது: அங்கே அச்சன் இல்லை. இருந்திருந்தால் இவன் இத்தனை மலையும் ஆறும் தாண்டி, முன்பின் பார்க்காத என்னிடம் கேட்பானா? யாராவது போகவேண்டும். யாராவது என்ன யாராவது, நான் போகவேண்டும். பட்டாளத்துக்கு. அச்சனாகவே.

இதை எழுத அவன் சம்மதித்திருக்கிறான். எந்தப் பட்டாளம், எந்த எல்லை என்று மட்டும் எழுதக்கூடாது. அதில் பயமில்லை, எங்கள் ஊர்ப்பக்கத்தில் பட்டாளக்காரன் இல்லாத சந்தே கிடையாது.

*

வலியச்சனிடம் மதியச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது.

“போன மாசம் திருநாள் பவனிய ட்ரோன் வச்சு எடுக்கணும்னு நின்ன. அதுக்கு முந்தி கும்பசாரக் கூட்டில லைட் போட்ட. இப்பம் பட்டாளமா?” என்றார், மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியபடி.

கூட்டில் விளக்குப் போட்டது உண்மைதான். எங்கள் பாவசங்கீர்த்தனக் கூடு பழைய தேக்குப் பெட்டி, உள்ளே இருட்டு. மனத்துயர் செபத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி, அதை வாசிக்க வசதியாக ஒரு வெள்ளை எல்.இ.டி. பல்பும் மாட்டியிருந்தேன். வந்து முழங்காலிட்டால் முகத்தில் பளீரென்று விழும். நல்ல வசதி என்று எனக்கு அப்போது பெருமை.

“இது அப்படி இல்ல” என்றேன்.

“பின்ன ஆயரப் போய் பாரு. அவரு அனுமதி இல்லாம அச்சன்மாரு தானா பட்டாளத்தில சேரப்படாதுன்னு சட்டம் உண்டு, படிச்சிருப்பியே.”

படித்திருந்தேன். அந்த வாரமே ஆயரைப் போய்ப் பார்த்தேன். போனில் கேட்டவன், நான் மறுத்தது, அங்கே அச்சன் இல்லாத அவலம், என் வயது, என் உடல்நலம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். முடித்ததும் மலையாளத்தில் ஒரே கேள்வி கேட்டார்.

“விளியாணோ மோனே, ஞெட்டலாணோ?”

இறைவன் அழைத்தாரா, இல்லை நீ திடுக்கிட்டுப்போனாயா? நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “ரண்டும் நெஞ்சில் ஒருபோலே இடிக்கும். ஈஸ்டர் கழிஞ்ஞு வந்நு பற.”

திடுக்கிடலா! எனக்குக் கோபம் வந்தது. ஈஸ்டர் முடிந்த மறுநாளே வந்து, அழைப்புத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், அதற்குள் எல்லா ஏற்பாட்டையும் முடித்திருப்பேன் என்று படி இறங்கினேன்.

*

ஏற்பாடு என்றால் முதலில் ஓட்டம். கோயில் மைதானத்தில் தினமும் விடியலில் ஒரு ரிட்டயர்ட் சுபேதார், பட்டாளத் தேர்வுக்குப் போகும் இளவட்டங்களை ஓடவிடுவார். கழுத்தில் விசில், காலில் பழைய கான்வாஸ் ஷூ. நானும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். முதல் பூசைக்கு வந்த பெண்கள் கொச்சச்சனின் முழங்காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மாதா கெபியைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சுற்றிலேயே எனக்கு நுரை தள்ளியது.

“அச்சோ, இது பவனி இல்ல! காலத் தூக்கி வையுங்க!” என்று சுபேதார் கத்தினார். பின்னால் வந்தவர்களுக்குச் சிரிப்பு. “எலே, என்ன பல்லக் காட்டுதிய? அச்சன் முந்திட்டா உங்களுக்குத்தான் நாணக்கேடு!”

ஓட்டம் முடிந்து மைதானத்து ஆலமரத்து வேரில் சாய்ந்து கிடந்தபோது, பட்டாளத்து அச்சன் என்றால் என்ன என்று அவர்தான் சொன்னார். நான் நினைத்திருந்தது வேறு. பச்சை ஜீப்பில் பூசைப் பெட்டியோடு மலை மலையாகப் போவது, அங்கியோடு இறங்குவது, படைவீரர்கள் ஓடிவந்து முழங்காலிடுவது. ஏதோ திருவிழாப் படம்.

“அங்க அச்சனுக்குப் பேரு பாத்ரே சாப். சும்மா அச்சன் இல்ல. நாயிப் சுபேதார் ரேங்க் ஆக்கும். தோளில பட்ட உண்டு, யூனிபாம் உண்டு. அதுக்கு முந்தி இந்த ஓட்டம், மெடிக்கல், எழுத்துப் பரீட்ச, இன்டர்வியூ எல்லாம் உண்டு.”

“குருமடத்தில இத்தன வருசம் படிச்சாச்சே?”

“அது கடவுளுக்கு. இது பட்டாளத்துக்கு.” விசிலைத் துடைத்துக்கொண்டார். “பின்ன, நம்ம சபைக்காரனுக்கு மட்டும் அச்சன்னு நெனச்சிராதிய. சி.எஸ்.ஐ., பெந்தெகோஸ்து, வடகிழக்கு மலையில உள்ள பாப்டிஸ்டு, எல்லாவனுக்கும் ஒரே பாத்ரே.”

“பெந்தெகோஸ்துக்காரனுக்கும் நானா?”

எங்கள் கோயிலுக்கும் பின்தெரு பெந்தெகோஸ்து சபைக்கும் மைக் செட் விஷயத்தில் போலீஸ் ஸ்டேஷன்வரை போன வழக்கு உண்டு. அது சுபேதாருக்கும் தெரியும்.

“அங்க மைக் செட் கெடையாது, பயப்படண்டாம். ஒரே கூரைக்குள்ள ஓரோ மூலையில ஓரோ சாமி. பண்டிட்டும் இருப்பாரு, மௌல்வியும் இருப்பாரு. அவுங்க திருநாளுக்கு நீங்க போய் நிக்கணும். கிறிஸ்மஸுக்குக் கேக்கு வெட்டினா மொதல்ல கை நீட்டுறது பண்டிட்டா இருக்கும்.”

“சிப்பாய்க எனக்கு சல்யூட் அடிப்பினுமா?”

“சல்யூட் ஆபீசருக்கு. உங்களப் பாத்தா வெறச்சு நின்னு ‘ஜெய்ஹிந்த் சாப்’ சொல்லணும்.”

ஒவ்வொன்றும் எனக்கு அதிர்ச்சிதான். ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும்: அந்தக் கடைசி விஷயம் கொஞ்சம் பிடித்திருந்தது. அடுத்த நாளிலிருந்து மைதானத்து இளவட்டங்கள் என்னைக் கண்டால் விறைத்து நின்று “ஜெய்ஹிந்த், பாத்ரே சாப்!” என்றார்கள். நான் கண்டிப்பதுபோல் கை ஆட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி ஓடினேன்.

அந்த வீட்டுக்கும் அடிக்கடி போனேன். முதல் வெள்ளி மட்டுமல்ல, வாரத்துக்கு இரண்டு தடவை. பையன் அங்கே எல்லையில் தனியாகக் கிடக்கும்போது நாமாவது அவன் வீட்டைப் பார்க்கவேண்டாமா? அப்பாவைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். முகம் மழித்துவிட்டேன். ரேஷன் கடைக்கு ஸ்கூட்டரில் போய்வந்தேன். அம்மா அவனுடைய படங்களை எடுத்துக் காட்டினார்: பத்தாம் வகுப்பில், முதல் நற்கருணையில், அரும்புமீசையோடு அப்பாவின் சைக்கிளில். எனக்கு அவனை வருடக்கணக்காகத் தெரியும் போலாகிவிட்டது.

*

தவக்காலம் வந்தது. தவக்காலம் என்றால் சனிக்கிழமைகளில் கூட்டில் உட்காரவேண்டும்.

நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் நாளே வலியச்சன் எச்சரித்திருந்தார், “நம்ம ஆளுகளக் கூட்டில தேடாதே” என்று. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கனத்த பாவம் உள்ள எங்கள் ஆட்கள் பஸ் ஏறிவிடுவார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டி, வேறு மறைமாவட்டம், வேறு அச்சன். வீட்டில் கேட்டால் சந்தைக்கு மீன் வாங்கப் போனதாகச் சொல்வார்கள். திரும்பும்போது சாட்சிக்குக் கையில் ஒரு பொதி சாளை மீனும் இருக்கும். அந்தப் பக்கத்துக்காரர்களும் இதே கணக்கில் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்ததாகச் சொல்லி எங்கள் கூட்டுக்கு வருவார்கள். பேச்சு ஒன்றுதான்; அங்கே சொல்லுவதும் இங்கே சொல்லுவதும் ஒரே மொழி. முகம்தான் வேறு. பஸ் கண்டக்டர்களுக்கு எல்லாம் தெரியும். தவக்காலச் சனிக்கிழமை எல்லை ஸ்டாப்பில், “பாவம் எல்லாம் எறங்கியாச்சா? ரைட்!” என்று விசில் அடிக்கிற கண்டக்டரை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. அங்கே ஒருவன் பட்டாளத்தில் அச்சன் கிடைக்காமல் போனில் கேட்கிறான். இவர்களுக்கு வீட்டுவாசலில் அச்சன் இருந்தும் பஸ் ஏறுகிறார்கள்! அந்த ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று சூடாகவே பிரசங்கம் வைத்தேன்.

“சொந்த வீட்டில குளிமுறி இருக்க, பக்கத்து வீட்டில போய் யாராவது குளிப்பியளா?”

கோயிலில் சிரிப்பு எழுந்தது. வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை பல்பைப் போட்டுக்கொண்டு கூட்டில் காத்திருந்தேன். வந்தவர்கள் சின்னப் பிள்ளைகளும், பாவம் என்று சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தேடித்தேடிச் சொன்ன இரண்டு மூன்று அம்மாமார்களும் மட்டும். மற்றவர்கள் இந்த வருடம் எங்கேயும் போகவில்லை. அந்தப் பக்கம் போக என் பிரசங்கம் விடவில்லை. இந்தப் பக்கம் வர என் முகம் விடவில்லை. இதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

*

இரண்டு வாரத்துக்கு முன் அவன் லீவில் வந்தான்.

சேதி கேட்ட அன்று மதியமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்குப் பின்னால் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். திரையில் பார்த்ததைவிட உயரம். உதடு ஆறியிருந்தது. அம்மா கோயிலில் கூட்டம் என்று போயிருந்தார். நானும் ஒரு செடியைப் பிடித்து ஆட்டி இழுத்தபடி எல்லாவற்றையும் கொட்டினேன். ஆயரைப் பார்த்தது, ஓட்டம், பாத்ரே சாப், பண்டிட், கேக்கு.

“இனி நீ போனில கேக்கண்டாம். நீ இருக்கிற எடத்துக்கு இல்லன்னாலும் உன்னப்போல ஒருத்தன் இருக்கிற எடத்துக்கு நான் வாறேன். அச்சன் இல்லாம அங்க நீங்க படுற பாடு...”

அவன் கை நின்றது.

“அச்சோ, அங்க அச்சன் உண்டு.”

“எங்க?”

“எங்க யூனிட்டில. பாத்ரே சாப்.”

“வேற சபையா இருக்கும்.”

“நம்ம சபை தான். ஞாயிறாச்ச தோறும் பூச உண்டு. மெழுகுதிரி கொளுத்துறது நான் ஆக்கும்.”

என் கையிலிருந்த செடி மண்ணோடு பொலபொலவென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் பின்னால் சரிந்து குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தூக்கிவிடக் கை நீட்டினான். நான் எழவில்லை. மாதக்கணக்காக நான் கட்டிய கோயிலின் அடிக்கல்லே இல்லை என்கிறான்.

“பின்ன என்னத்துக்கு எங்கிட்ட கேட்ட?”

“அவரு ரொம்ப நல்ல மனுசன் அச்சோ. அப்பன் விழுந்தப்பம் பெரிய ஆபீசரு சி.ஓ. சாப்கிட்ட நின்னு அவசர லீவு வாங்கித் தந்ததே அவருதான். அதுனாலதான் பற்றல்ல.” என் எதிரே குந்தி உட்கார்ந்தான். “காலையில அவரப் பாத்து வெறச்சு நின்னு ஜெய்ஹிந்த் சொல்லணும். போஸ்டுக்கு வந்தாருன்னா ஒரே கூடாரத்தில ரொட்டி தின்னணும்.”

“அவரு வெளிய சொல்லமாட்டாரு. உயிரே போனாலும்...”

“அது தெரியும். சாவுறவர சொல்லமாட்டாரு. ஆனா நான் அவருக்க முகத்தப் பாக்கணுமே. அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுமே.”

நான் கையிலிருந்த மண்ணை உதறினேன்.

“பின்ன ஹிந்தி” என்றான். “அவரு வடக்கன். நான் ஹிந்தியில ஒருக்க செல்லிப் பாத்தேன், தனியா, மனசுக்குள்ள. கேக்க நல்லாத்தான் இருந்துது. வேற எவனோ செஞ்சதுபோல இருந்துது. அப்படியே செல்லி முடிச்சிரலாம். ஆனா அது செஞ்சது நான் ஆக்குமே? நம்ம பேச்சில செல்லும்பம்தான் எனக்கே குத்துது.”

அது என்ன என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. மரச்சீனித் தோட்டத்தில் குந்தியிருந்து கேட்கிற விஷயமில்லை அது.

“அன்னைக்கு உங்களக் கேட்டது, உங்கள எனக்கு அறியாது, உங்களுக்கும் என்ன அறியாது. நம்ம பேச்சு பேசுற ஆளு. போன கட் பண்ணினா தீந்து.”

“செரி. அன்னைக்குப் போன். இன்னைக்கு நேரில இருக்கேன்லா? எழும்பு. கோயிலுக்குப் போவோம், இல்லன்னா இந்த மரச்சீனிக்கு நடுவிலயே கேக்குதேன்.”

அவன் சிரித்தான். அன்றைக்குத் திரையில் பார்த்த அதே சிரிப்பு.

“இப்பம் பற்றாது. நீங்க எந்தக் கிளாசில டீ குடிப்பியன்னு அம்மைக்குத் தெரியும். அப்பனுக்க முகத்த மழிச்சுவிட்ட கையாக்கும் இது. நான் முதல் நன்ம எடுத்த போட்டோவும் பாத்தாச்சு. நீங்க இப்பம் எங்க வீட்டுக்காரன் அச்சோ. வீட்டுக்காரன்கிட்ட எப்பிடிச் செல்லுவேன்?”

என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு அன்பாக அடித்ததில்லை. அவன் தேடிய முகம் தெரியாத ஆள் நான்தான். அன்றைக்கு நான் சும்மா இருந்திருந்தால் போதும். போகப்போக நானே என் முகத்தை அவன் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

“லீவில வந்தா அந்தப் பக்கம் போய் முடிச்சிரலாம்னு வச்சிருந்தேன்” என்றான் அவன், பிடுங்கிய கிழங்குகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. “நேத்து சாளை வாங்கப் போறேன்னு எறங்கினேன். அம்மைக்கு மனசிலாச்சு. ‘கொச்சச்சன் பீடத்தில நின்னு செல்லியாச்சு, சொந்தக் கோயில் இருக்க வேற எடத்தில முட்டுக் குத்தப்படாது’ன்னு அப்பனுக்க தலையில என் கையப் பிடிச்சு வச்சு சத்தியம் வாங்கிட்டா. அப்பன் என்னையே பாத்துட்டுக் கெடந்தாரு. என்ன செய்ய?”

“வண்டி என்னைக்கு?”

“ஈஸ்டருக்கு மறுநாள்.”

*

அன்று நான் நேராக வீடு திரும்பவில்லை. எல்லைவரை போய், செக்போஸ்ட் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவக்காலத்துப் பஸ்கள் காலியாக ஓடின. இந்த வருடம் சாளை விற்பனையைக்கூட நான் குறைத்திருப்பேன் போல.

ஆயர் கேட்டதற்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். ஞெட்டல்தான். அழைப்பு ஒன்றும் இல்லை, ஆணி அடித்ததுபோல ஒரு திடுக்கிடல், அவ்வளவுதான். விஷயத்தை அங்கேயே விட்டிருப்பேன். ஆனால் அந்த யூனிட்டின் பாத்ரே சாப் என் மனதைவிட்டுப் போகவில்லை. நல்ல மனுசர். லீவு வாங்கித் தருகிறார், ஞாயிறுதோறும் பூசை வைக்கிறார், எல்லோரோடும் ரொட்டி தின்கிறார். அதனாலேயே அவருடைய கூடு காலியாகக் கிடக்கிறது. அது அவருக்குத் தெரியுமா? நாளைக்கு நானும் அங்கே போனால் நானும் நல்ல மனுசனாகத்தான் இருக்கப் பார்ப்பேன். அப்போது என் கூடும் காலி.

எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். நான் அதைப் பீடத்தில் நின்று கேலி செய்திருக்கிறேன்.

விடியலில் ஓட்டம் முடிந்ததும் சுபேதாரிடம் கேட்டேன். “ரெண்டு யூனிட் பாத்ரேமாரு மாறி மாறிப் போய்க் கும்பசாரம் கேக்கப் பற்றுமா?”

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “பக்கத்து யூனிட்டுன்னா, சி.ஓ. சாப்மாரு மனசு வச்சா பற்றும். இதுவர யாரும் கேட்டதா நான் அறியல்ல.” கொஞ்சம் யோசித்தார். “நானும் சர்வீசு முழுக்க அங்க ஒருக்கப்போலும் கும்பசாரம் செய்யல்ல, அச்சோ. இப்பமாக்கும் யோசிக்கேன்.” சொல்லிவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பி, “எலே, என்ன வேடிக்க? ஓடுங்கலே!” என்று கத்தினார்.

அங்கே நடக்குமா என்று பார்ப்பது பிறகு. இங்கே நடக்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். அந்தப் பக்கத்து அச்சனுக்குப் போன் போட்டேன். ஒரு சனிக்கிழமை மட்டும் நான் உங்கள் கூட்டில் உட்காருகிறேன், நீங்கள் எங்கள் கூட்டில் உட்காருங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஓய் கொச்சச்சா, உங்க ஆளுக இஞ்ச பஸ் ஏறி வாறது உமக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்க ஆளுக அங்க வாறதும்?”

“அதும் தெரியும்.”

“பின்ன நாம ரெண்டு பேரும் மாறி இருந்தா? உங்க ஆளு பஸ்சுக்குப் பைசா குடுத்து இஞ்ச வந்து முட்டுக் குத்தினா, வலைக்கு அந்தப் பக்கம் இருக்கது நீரு!”

நான் அதை யோசிக்கவே இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் மாறி உட்கார்ந்திருந்தால் இரண்டு ஊரும் என்னை உயிரோடு விட்டிருக்காது.

ஆகவே நாளை ஞாயிறு காலைப் பூசையில், பிரசங்கம் வைத்த அதே பீடத்தில் நின்று, நான் அறிவிக்கவேண்டும். குளிமுறிக் கதை தப்பு என்றும், மீன் வாங்கப் போகிறவர்கள் இனி எப்போதும்போல் போகலாம் என்றும், வருகிற சனிக்கிழமை மட்டும் போகவேண்டாம், யாரும் அறியாத ஓர் அச்சன் நம் கூட்டிலேயே வந்து உட்காருவார் என்றும். அவரும் அங்கே அதையே அறிவிப்பார். வலியச்சன் சம்மதித்துவிட்டார், வருகிற அச்சனுக்கு மதியம் நெய்மீன் வைக்கவேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை. அந்த அம்மா எப்போதும் முன்வரிசையில் இருப்பார். சொந்தக் கோயில், சொந்தக் கூடு. அப்பாவின் தலையில் வைத்த சத்தியம் எங்கேயும் உடையாது.

அவனுக்கு மட்டும் தனியாகச் சொல்லமாட்டேன். சொன்னால் நான் காத்திருக்கிறேன் என்று ஆகிவிடும். சனிக்கிழமை அவன் வந்தானா இல்லையா என்று யாரிடமும் கேட்கமாட்டேன். அந்த அச்சனும் சொல்லமாட்டார். அவன் ஈஸ்டருக்கு மறுநாள் வண்டி ஏறும்போது அவன் முகத்தைப் பார்த்து ஊகிக்காமல் இருக்கவும் முயற்சி செய்யவேண்டும். அதுதான் கஷ்டம். அதற்கும் அடுத்த நாள் ஆயரிடம் போய், ஞெட்டல்தான் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தோம், அங்கேயும் போய்ச் செய்து பார்க்கலாமா என்று கேட்கப்போகிறேன். ஓட்டத்தை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் அந்தப் பக்கம் போவேன், கும்பசாரத்துக்குத் தோளில் போடும் ஊதா ஸ்டோலைப் பையில் வைத்துக்கொண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, கூட்டுக்குள் நான் மாட்டிய அந்த வெள்ளைப் பல்பைக் கழற்றவேண்டும்.